கூடப் போனவர்கள்: கிளாரா ஷூமனின் இசைப் பயணங்களும் மூன்று வழித்துணைகளும்

1

தமிழ் அகமரபில் 'உடன்போக்கு' என்றால் பெண் ஆணின் கூடப் போவது. 'பொருள்வயிற் பிரிவு' என்றால் ஆண் சம்பாதிக்கப் போவது, பெண் வீட்டில் நாள் எண்ணிக்கொண்டு இருப்பது. கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் தனி விதியாகவே சொல்லி வைத்திருக்கிறது. பாணர்கள் குடும்பத்தோடு நடந்தவர்கள். ஆற்றுப்படைகளில் விறலியும் யாழும் சுற்றமும் சேர்ந்தே போகின்றன. விறலியை விளித்துப் பாட விறலியாற்றுப்படை என்று ஒரு துறையும் உண்டு. ஆனால் பெண் பொருள் தேடிக் கிளம்புகிறாள், ஆண் அவளுக்குத் துணையாகப் போகிறான் என்கிற நிலைக்கு நம் இலக்கணம் துறை வகுக்கவில்லை. துறை இல்லாத நிலைக்குச் சொல்லும் இல்லை. சொல் இல்லாததால் அது கேலியாக மட்டுமே பேசப்படுகிறது. 'பொண்டாட்டி பின்னாடி சுத்துறவன்' என்பதற்கு மேல் நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்தச் சொல்லின்மை நமக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் இதே நிலையில் ஒரு தம்பதி இருந்தார்கள். மனைவி கிளாரா (1819-1896), ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்ற பியானோ கலைஞர். கணவர் ராபர்ட் ஷூமன் (1810-1856), இசையமைப்பாளர், பத்திரிகையாசிரியர். இன்று ராபர்ட்டின் பெயரைச் சொன்னால் தெரியும். 1840களில் லைப்ஸிக்கைத் தாண்டினால் தெரிந்த பெயர் கிளாராதான். இவர்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெரும்பாலும் காதல் காவியமாக அல்லது ஒரு மேதையின் மனநோய் வரலாறாக. இந்த இரண்டு கதையாடல்களும் தொடாத சில்லறைக் கேள்வி ஒன்றுதான் இந்தக் கட்டுரை. கிளாரா ஊர் ஊராகப் போய் வாசித்தபோது கூடப் போனது யார்? அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள்? போனதைப் பற்றி எழுதியது யார்?

2

முதலில் கூடப் போனவர் அப்பா. ஃப்ரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர், பியானோ வியாபாரி. மனைவி அவரைப் பிரிந்து போனபோது, சாக்ஸனி நாட்டுச் சட்டப்படி பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள். ஐந்து வயதில் கிளாரா அப்பாவிடம் வந்து சேர்ந்தார். ஒன்பது வயதில், 1828இல், லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் மண்டபத்தில் முதல் முறையாக மேடை ஏறினார். அதன் பிறகு பயணம், பயணம், பயணம்.

அந்தக் காலத்துக் கச்சேரிப் பயணம் என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இன்றைக்கு இருப்பதுபோல ஏற்பாட்டாளர், நிறுவனம் எல்லாம் கிடையாது. ஒரு ஊருக்குப் போய் இறங்க வேண்டும். கையில் கொண்டுபோன அறிமுகக் கடிதங்களோடு பெரிய மனிதர் வீடுகளில் ஏறி இறங்க வேண்டும். அனுமதி வாங்கி, மண்டபம் வாடகைக்குப் பிடித்து, நல்ல பியானோ யாரிடம் இருக்கிறதென்று தேடி, அதைத் தூக்கி வரச் செய்து, சுருதி கூட்டி, விளம்பரத் தாள் அச்சடித்து, சீட்டு விற்று, விளக்குச் செலவு, ஆள் கூலி எல்லாம் போக மிச்சம் என்ன என்று எண்ண வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கவும் வேண்டும். கூடப் போவது என்பது இத்தனை வேலை. வீக் இதில் கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனத்துக்குக் கூலியாக மகளின் வருமானம் முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு முக்கியம். மகளுக்கு ஏழு, எட்டு வயது இருக்கும்போதே அவளுக்கென்று ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். தொடங்கி, அதில் பெரும்பகுதியை அவரே எழுதினார். எப்படி? 'நான்' என்று. அப்பா இன்றைக்கு என்னைக் கூட்டிப்போனார், நான் இப்படி வாசித்தேன், அப்பாவுக்கு என்மேல் கோபம் என்கிற தோரணையில், மகளின் தன்மை ஒருமையில் அப்பாவின் கையெழுத்து. வழித்துணையாகப் போனவர் பயணியின் வாயையே எடுத்துக்கொண்டார். பிரதிக்குள் அதிகாரம் எப்படிக் குடியேறுகிறது என்று பாடம் நடத்த இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

1839 ஜனவரியில் வீக் மகளைத் தனியாகப் பாரிசுக்கு அனுப்பினார். கூடப் போனது அவர் அமர்த்திய ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. நான் இல்லாமல் இவள் என்ன செய்துவிடுவாள், பயந்து திரும்பி வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். பத்தொன்பது வயதுப் பெண், மண்டபம் பிடிப்பதிலிருந்து ஆட்களைப் பார்ப்பது வரை தானே செய்து, ஆகஸ்டு வரை அங்கே இருந்துவிட்டார். திருமணத்துக்கு அப்பா சம்மதிக்காததால் வழக்கு நீதிமன்றம் போயிற்று. தீர்ப்பு சாதகமாகி, 1840 செப்டம்பர் 12 அன்று, தன் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், கிளாரா ராபர்ட்டை மணந்தார். சம்பாதிக்கவும் சம்பாத்தியத்துக்கு வழி பண்ணவும் ஏற்கனவே கற்றிருந்த பெண் அவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

3

மறுநாள் ராபர்ட் மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு நோட்டுப்புத்தகம் கொடுத்தார். இருவரும் வாரம் மாற்றி வாரம் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இதுதான் பிற்பாடு 'திருமண நாட்குறிப்பு' என்று பெயர் பெற்றது. அப்பா பிடுங்கிக்கொண்ட பேனா இப்போது பாதியாவது திரும்பி வந்தது. நாட்குறிப்பின் ஆரம்ப மாதங்களிலேயே கிளாராவின் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. ராபர்ட் இசையமைக்கும்போது வீட்டில் பியானோ சத்தம் கேட்கக்கூடாது. அதனால் தன்னால் சாதகம் பண்ண முடியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பியானோ இருக்கலாம், இரண்டு மௌனம் இருக்க முடியவில்லை.

1842 பிப்ரவரியில் இருவரும் வடஜெர்மனிக்குக் கிளம்பினார்கள். மூத்த மகள் மாரிக்கு அப்போது ஆறு மாதம்கூட நிறையவில்லை; குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பிரேமெனிலும் ஹாம்பர்கிலும் ராபர்ட்டின் முதல் சிம்பொனி வாசிக்கப்பட இருந்தது. ஆகவே அவருக்கும் போக ஒரு முகாந்திரம் இருந்தது. ஓல்டன்பர்க் நகரில்தான் பிரச்சினை. அரண்மனையிலிருந்து கிளாராவுக்கு அழைப்பு வந்தது. கணவருக்கு வரவில்லை. அவர் போய் வாசித்து வந்தார்; இவர் விடுதியில் இருந்தார்.

அழைப்பு வராமல் போனது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் இங்கே கொஞ்சம் நிதானிப்போம். கணவனுக்கு அழைப்பு வந்து மனைவிக்கு வராத அரண்மனைகள், சபைகள், மாநாடுகள், நம் இலக்கியக் கூட்டங்கள் எத்தனை கோடி? அவை எந்த நாட்குறிப்பிலும் அவமானமாகப் பதிவாகவில்லை. இந்த ஒன்று பதிவாகியிருக்கிறது. அவமானம் என்பது நிகழ்ச்சியில் இல்லை. அது யாருக்கு நிகழ்கிறது என்பதில் இருக்கிறது.

ஹாம்பர்க் வரை வந்ததும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. கிளாராவுக்குக் கோபன்ஹேகன் போக வாய்ப்பு. ராபர்ட் ஊர் திரும்பினார். கிளாரா வேறொரு பெண்ணைத் துணையாக வைத்துக்கொண்டு கடல் கடந்து டென்மார்க் போனார். இந்தச் சமயத்தில் ராபர்ட் நாட்குறிப்பில் எழுதியது முக்கியமானது. உன் பயணத்துக்குத் துணை வருவதற்காக நான் என் திறமையைக் கைவிடுவதா, நான் பத்திரிகைக்கும் பியானோவுக்கும் கட்டுப்பட்டவன் என்பதற்காக நீ உன் திறமையைக் கைவிடுவதா என்கிற கேள்வியை அவர் நேராகவே வைக்கிறார். இரண்டு தட்டையும் சமமாகப் பிடித்துப் பார்த்த நேர்மையை மறுக்க முடியாது. அந்தக் காலத்து ஆண்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்கும்? ஆனால் கூடவே இன்னொன்றும் எழுதுகிறார்: உலகம் என்ன சொல்லும்? உலகம் சொல்லத்தான் செய்தது. இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று புரளி கிளம்பியது. அதைப் பரப்பியதில் மாமனார் வீக்கின் பங்கு பெரிது. கிளாரா தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் என்னால் ஒன்றும் சம்பாதிக்க முடியாது, திறமை கையில் இருக்கும்போது குடும்பத்துக்கு ஏன் என் பங்கைக் கொடுக்கக்கூடாது என்கிறார். அவருக்கு இது கௌரவப் பிரச்சினையே இல்லை, வரவு செலவுப் பிரச்சினை.

ராபர்ட் என்ன செய்தார்? ஆரம்பத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஹைடன், மொஸார்ட்டின் நால்வர் இசையை உட்கார்ந்து படித்தார். அந்தக் கோடையில் மூன்று தந்தி நால்வரிசைகளையும், இலையுதிர் காலத்தில் கிளாராவுக்குக் காணிக்கையாக்கிய புகழ்பெற்ற பியானோ ஐவரிசையையும் எழுதினார். இசை வரலாறுகள் 1842ஐ அவருடைய 'அறையிசை ஆண்டு' என்று கொண்டாடுகின்றன. அந்த ஆண்டின் அடித்தளத்தில், வெளியூரில் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும், அவர் இல்லாததால் நிசப்தமாகிப் போன ஒரு வீடும் இருப்பதை எழுதுகிறவர்கள் குறைவு.

4

1844 ஜனவரி 25 அன்று இருவரும் ருஷ்யாவுக்குக் கிளம்பினார்கள். இந்தத் தடவை இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவதுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மறுபடியும் உறவினர் வீடு. பெர்லின், கோனிக்ஸ்பர்க், மிட்டாவ், ரிகா, டோர்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு), பிறகு பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ. பெர்லினுக்கு ரயில் இருந்தது. அதற்கு மேல் குதிரை வண்டி, பனிச்சறுக்கு வண்டி. பீட்டர்ஸ்பர்குக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே ரயில் ஓட ஆரம்பித்தது 1851இல்தான். ஏன் இந்தக் குளிரில் போக வேண்டும்? கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் ருஷ்யாவில் நாடகக் கொட்டகைகளை மூடிவிடுவார்கள். கச்சேரிகளுக்கு அதுதான் பருவம். குளிரும் சாலையும் எப்படி இருந்தாலும் அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கலையும் பயிர்த்தொழில் போலத்தான், பருவம் தவறினால் விளைச்சல் போச்சு. மார்ச் தொடக்கத்தில் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கே நல்ல வரவேற்பு. பருவம் முடிந்தபின் ஏப்ரலில் போன மாஸ்கோவில் கூட்டம் குறைவு.

ராபர்ட் டோர்பாட்டிலேயே படுத்துவிட்டார். காய்ச்சல், மனச்சோர்வு. படுக்கையில் கதேயின் 'ஃபாவுஸ்ட்' படித்தார்; அதற்கு இசையமைக்கும் வேலை அந்த ஆண்டில்தான் தொடங்கியது. பீட்டர்ஸ்பர்கில் இசைப் பிரியர்களான வியெல்கோர்ஸ்கி பிரபுக்களின் வீட்டில் அவருடைய சிம்பொனியை அவரே நடத்தினார். கிளாரா குளிர்கால அரண்மனையில் அரசி முன்னால் வாசித்தார். மாஸ்கோவில் ராபர்ட் கிரெம்ளின் மணியையும் நெப்போலியனையும் வைத்துக் கவிதைகள் எழுதினார். இசையமைப்பாளர் இசை எழுதாமல் கவிதை எழுதியது எதற்கு என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு இயல்பு தெரிகிறது. பியானோ மனைவியின் தொழில் கருவியாகிவிட்ட ஊரில், பேச்சு புரியாத ஊரில், நாளெல்லாம் சும்மா இருக்கும் மனுஷன் கையில் கிடைத்ததைச் செய்கிறார்.

இந்தப் பயணத்தைப் பற்றி நடையாக நடக்கும் துணுக்கு ஒன்று உண்டு. கிளாராவின் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்த ஒரு அரச குடும்பத்தவர், பக்கத்தில் நின்ற ராபர்ட்டைப் பார்த்து, நீங்களும் இசை தெரிந்தவரா என்று கேட்டாராம். ஒருவர் இதை ருஷ்யாவில் வைத்துச் சொல்வார், ஒருவர் வியன்னாவில், ஒருவர் ஹாலந்தில். இடம் மாறி மாறி அலைவதே இது எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. மேதையை அடையாளம் தெரியாத மடையர்கள் என்று சிரிக்க நமக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. சிரித்து முடித்ததும், அன்று மாலை வாசித்தது யார் என்பது மறந்துபோகிறது. துணுக்கின் நாயகன் கூடப் போனவர்.

நாட்குறிப்பு என்ன ஆயிற்று? பயணத்தில் குறிப்புகள் எடுத்தது ராபர்ட். வரவு செலவுக் கணக்கும் அவர் வழக்கமாக எழுதுவதுதான். ஊர் திரும்பியபின் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு கிளாரா திருமண நாட்குறிப்பில் பயணத்தை விரித்து எழுதினார். அதோடு அந்த நாட்குறிப்பே முடிகிறது. சம்பாதித்தவர் அவர், நடந்ததை எழுதக் கணவரின் துண்டுக் குறிப்புகளைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. காரணம் எளிது: பயணத்தில் எழுத நேரம் இருந்தவர் கணவர். இன்னொரு வேடிக்கை. இருவர் கையும் மாறி மாறி எழுதிய இந்த நாட்குறிப்பு 1987இல் லைப்ஸிக்கில் முழுமையாக அச்சானபோது, ராபர்ட் ஷூமனின் நாட்குறிப்புகள் என்ற வரிசையின் ஒரு தொகுதிக்குள் வந்தது. பதிப்பித்தவர்களின் உழைப்பு பெரிது, குறை சொல்ல வரவில்லை. ஆவணக் காப்பகத்தின் அலமாரி யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஆண்டே ராபர்ட்டின் உடல்நிலை மோசமாகக் குலைந்தது. பத்திரிகைப் பொறுப்பை விட்டார். டிசம்பரில் குடும்பம் டிரெஸ்டனுக்குப் போனது. மனைவியின் பயணம் கணவனை நோயாளியாக்கியது என்று முடிச்சுப் போடுவது சுலபம். ஆனால் அவருக்கு மனச்சோர்வு திருமணத்துக்கு முன்பே இருந்தது. பயணமே இல்லாத மாதங்களிலும் வந்தது.

5

இதே பீட்டர்ஸ்பர்கில், இதே பருவத்தில், கூடப் போன இன்னொரு கணவரும் இருந்தார் என்பது வரலாற்றின் அதிர்ஷ்டம். 1843 இலையுதிர் காலத்தில் பாடகி போலின் வியார்டோ இத்தாலிய இசைநாடகக் குழுவோடு அங்கே வந்திருந்தார். கிளாராவின் நெடுநாள் தோழி. அவருடைய கணவர் லூயி வியார்டோ மனைவியைவிட 21 வயது மூத்தவர்; 1840இல் மணம் முடித்தபோது பாரிசின் இத்தாலிய நாடக அரங்க நிர்வாகிப் பதவியை விட்டுவிட்டு, மனைவியின் தொழிலைக் கவனிப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டவர். அவருக்கு வேட்டையில் பைத்தியம். அந்த ஊரில் ஒரு இளைஞரோடு வேட்டைப் பழக்கம் ஏற்பட்டது. அந்த இளைஞர் இவான் துர்கனேவ். அவர் போலினின் பாட்டைக் கேட்டார். அப்புறம் சாகும் வரை, 1883 வரை, அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே ஐரோப்பா முழுக்கப் போனார்.

லூயி வியார்டோ ஏற்கனவே 'டான் கிஹோட்டே'யைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். ருஷ்ய மொழி தெரியாது. துர்கனேவின் உதவியோடு உட்கார்ந்து, கோகோலின் கதைகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். 1845இல் பாரிசில் புத்தகம் வெளிவந்தது. கோகோலை மேற்கு ஐரோப்பா படிக்க ஒரு வாசல் திறந்தது இப்படித்தான்: மனைவி பாடப் போன ஊரில், கூடப் போன கணவர் தன் வேலையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். நாம் 'ருஷ்ய இலக்கியத்தின் செல்வாக்கு' என்று பெரிதாகப் பேசும் விஷயத்தின் ஒரு முனை, ஒரு பாடகியின் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

லூயி நல்லவர், ராபர்ட் மோசம் என்று கட்சி பிரிப்பதில் அர்த்தமில்லை. லூயிக்கு வேறு இடத்தில் தன்னை நிரூபிக்க வேண்டிய வயசு தாண்டிவிட்டது. ராபர்ட் மனைவி இருந்த அதே கலையில் இருந்தவர், அதே மேடையில் ஒப்பிடப்பட்டவர். ஆனால் இந்த இருவரையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. கூடப் போவதில் இயல்பாகவே அவமானம் எதுவும் பொதிந்திருக்கவில்லை. அதை ஒரு வேலையாக ஒப்புக்கொண்டவருக்கு அது வேலையாக இருந்தது. ஒப்புக்கொள்ள முடியாதவருக்கு அது தண்டனையாக ஆனது.

6

1854இல் ராபர்ட் மனநோய் மருத்துவமனைக்குப் போனார். 1856 ஜூலையில் இறந்தார். திருமணமான பதினான்கு வருஷத்தில் கிளாரா எட்டுப் பிள்ளை பெற்றிருந்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் பயணம் செய்தார். 1856இலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1891இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் கடைசிக் கச்சேரி. அவர் சேர்த்து வைத்த கச்சேரி நிகழ்ச்சித் தாள்கள் 1300க்கும் மேல்; ஸ்விக்காவ் ஊரில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 1990இல் வெளியான ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் அவர் முகம் வந்து, யூரோ வரும்வரை புழங்கியது. காசு சம்பாதித்த பெண்ணின் முகம் காசிலேயே வந்தது பொருத்தம்தான்.

இந்த நீண்ட காலத்தில் கூடப் போனது யார்? மூத்த மகள் மாரி. 1842இலும் 1844இலும் பெற்றோர் விட்டுவிட்டுப் போன அதே குழந்தை. வளர்ந்தபின் அம்மாவின் கூடவே இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பயணத்தில் துணை, வீட்டில் நிர்வாகம், ஃப்ராங்க்ஃபர்ட் இசைப்பள்ளியில் 1878 முதல் அம்மா சொல்லிக்கொடுத்தபோது உதவி ஆசிரியை. 1929இல் காலமானார். வீக் செய்த அத்தனை வேலையும் மாரி செய்தார். 'நான்' என்று அம்மாவின் பெயரில் எழுதவில்லை, வருமானத்தைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. ராபர்ட் போன தூரத்தைவிட எவ்வளவோ அதிகம் போனார். அவர் அரண்மனைக்கு அழைக்கப்பட்டாரா இல்லையா என்று எந்த நூலும் கேட்பதில்லை. அவரைப் பற்றி நமக்குக் கொஞ்சமாவது தெரிவது தங்கை ஓய்கெனி 1925இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளால். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கவனித்து எழுதியதால்.

அப்பா, கணவன், மகள்: மூன்று வழித்துணைகள். அப்பா போனது முதலீடாக எழுதப்பட்டது. கணவன் போனது துயரமாக எழுதப்பட்டது. மகள் போனது எழுதப்படவே இல்லை, ஏனென்றால் அது 'இயல்பு'. ஒரே வேலைக்கு மூன்று கணக்குகள். கலை வரலாற்றை உழைப்பின் வரலாறாகவும் எழுத வேண்டும் என்று நாம் சொல்லும்போது, மேடையில் வாசித்தவரின் உழைப்போடு நின்றுவிடுகிறோம். பெட்டி கட்டியவர், கணக்கு எழுதியவர், விடுதி அறையில் காத்திருந்தவர் வரை அது போக வேண்டும்.

நமக்கு இது தூரத்து விஷயமும் அல்ல. மாநாடுகளில், கலை இரவுகளில், வீதி நாடகப் பயணங்களில் தோழரின் கூட வந்த துணைவி சமையற்கட்டுக்குப் போவது யாருக்கும் கேள்வியாவதில்லை. பேச வந்த பெண்ணின் கூட வந்த துணைவரை எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் எல்லோருக்கும் சங்கடமாகிவிடுகிறது. சிலர் அவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மேடை ஏற்றிவிடுகிறார்கள். நம் அமைப்புகளின் வரலாறுகளை எழுத ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள், நல்லது. ஊர் ஊராகப் போனவர்களின் பட்டியலைப் போடும்போது பக்கத்தில் இன்னொரு பத்தியும் போடட்டும்: கூடப் போனவர் யார், அவர் என்ன வேலை பார்த்தார், போகாமல் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டது யார். அந்தப் பத்தியை நிரப்ப வேண்டியவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இப்போதே கேட்டுவிடலாம்.